வாயில் நீர் ஊறுகிற கணத்தில் கால்சியம் என்ன செய்கிறது?

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டி வையுங்கள். நாக்கின் அடியில் நடுவே ஒரு மெல்லிய சவ்வு மடிப்பு தெரியும். அதன் இரு பக்கமும் கடுகளவில் ஒவ்வொரு மேடு இருக்கும். பஞ்சால் அந்த இடத்தை ஒற்றி உலர்த்திவிட்டு, நாக்கு நுனியில் புளிப்பாக எதையாவது ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் அந்த மேட்டின் உச்சியில் பனித்துளி போல நீர் திரளும். திரண்டு, பெருத்து, சரிந்து வழியும். அது வழிந்து முடிவதற்குள் அடுத்த துளி எட்டிப் பார்க்கும்.

அந்தத் துளி சற்று முன்புவரை ரத்தத்தில் இருந்த நீர். தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியின் செல்கள் அதை வாங்கி, குழாய் வழியாக இங்கே அனுப்பியிருக்கின்றன. காதுக்கு முன்னால் ஒரு ஜோடி, தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி என்று பெரிய சுரப்பிகள் ஆறு. உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. தூங்கும்போது ஊற்று கிட்டத்தட்ட நின்றுவிடும். வாயில் சுவை பட்டதும் பல மடங்கு கூடிவிடும்.

அப்படியானால் எங்கோ ஒரு மதகு திறந்து மூடுகிறது. அதைத் திறப்பது கால்சியம். எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருகிற பொருளாகத்தான் நமக்கு அதைத் தெரியும். இங்கே அது செல்லுக்குள் சேதி கொண்டுபோகிற ஆள். செல்லில் கால்சியம் கூடினால் நீர் வரும் என்ற அளவுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். அண்மையில் தெரியவந்திருப்பது இன்னும் நுட்பமானது. கால்சியம் எவ்வளவு கூடுகிறது என்பதைவிட, செல்லுக்குள் எந்த இடத்தில் கூடுகிறது என்பதுதான் முக்கியம். இந்தக் கட்டுரை அந்த இடத்தைத் தேடிப் போகிறது.

முதலில் ஒரு பழைய சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். உமிழ்நீர் என்பது ரத்தம் வடிகட்டப்பட்டு வருகிற நீர்தானே, ரத்த அழுத்தம் தள்ளினால் தானாக வந்துவிடாதா? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் 1850-51 வாக்கில் இதைச் சோதித்தார். நாயின் தாடையடிச் சுரப்பியிலிருந்து வரும் குழாயில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். சுரப்பிக்குப் போகும் நரம்பைத் தூண்டினார். குழாய்க்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், அந்தச் சுரப்பிக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் அழுத்தத்தையே தாண்டிவிட்டது. வடிகட்டியில் இது நடக்கவே நடக்காது. தள்ளுகிற விசையைவிடத் தள்ளப்பட்ட நீரின் அழுத்தம் கூடுதலாக இருக்க வழியில்லை. அப்படியென்றால் செல்களே உழைத்து நீரை வெளியே அனுப்புகின்றன. 1872இல் ருடால்ஃப் ஹைடன்ஹைன் இதற்கு மறுமுனையிலிருந்து சான்று தந்தார். சுரப்பிச் செல்லுக்கு நரம்பின் சேதி எட்டாமல் தடுக்கும் அட்ரோப்பின் என்ற மருந்தைக் கொடுத்துவிட்டு அதே நரம்பைத் தூண்டினால், சுரப்பிக்கு ரத்தம் முன்போலவே பாய்ந்து வந்தது. ஆனால் ஒரு சொட்டு உமிழ்நீர் வரவில்லை.

செல்கள் உழைக்கின்றன, சரி. ஆனால் எப்படி? உடலில் நீரைத் தூக்கி இறைக்கும் பம்ப் எந்தச் செல்லிலும் கிடையாது. உப்பை நகர்த்தத்தான் செல்லுக்குத் தெரியும். உப்பு போன பக்கம் நீர் தானாகவே போகும். ஆகவே உமிழ்நீர் சுரப்பது என்றால், அடிப்படையில், உப்பை ரத்தப் பக்கத்திலிருந்து குழாய்ப் பக்கத்துக்குக் கடத்துவதுதான்.

இந்த வேலையைச் செய்கிறவை அசினார் செல்கள். லத்தீனில் அசினஸ் என்றால் திராட்சைப் பழம் போன்ற சிறு கனி. சுரப்பியைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரியும். காம்புகள் போலக் குழாய்கள் கிளைத்துப் போக, ஒவ்வொரு காம்பின் முனையிலும் உருண்டையாக ஒரு செல் கொத்து. கொத்தில் உள்ள ஒவ்வொரு செல்லும் கூம்பு வடிவம். அகலமான அடிப்பாகம் வெளியே ரத்த நாளங்களைப் பார்த்திருக்கும். குறுகிய நுனி உள்ளே, மயிரிழையைவிட மெல்லிய ஒரு கால்வாயைப் பார்த்திருக்கும். அடிப்பாகத்தை ரத்த முகம் என்றும் நுனியைக் குழாய் முகம் என்றும் சொல்லிக்கொள்வோம். இந்த இரண்டு முகங்களும் ஒரே செல்லின் சவ்வுதான், ஆனால் அவற்றில் பதிந்திருக்கும் கதவுகளும் பம்புகளும் வேறு வேறு. எல்லா வித்தையும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ரத்த முகத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஓயாமல் ஓடுகிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. உள்ளே நுழையத் துடிக்கும் அந்தச் சோடியத்தின் வேகத்தைப் பயன்படுத்திக்கொண்டு, என்.கே.சி.சி.1 என்ற இன்னொரு புரதம் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம் இவற்றோடு இரண்டு குளோரைடையும் சேர்த்து உள்ளே கொண்டுவருகிறது. விளைவு, செல்லுக்குள் குளோரைடு இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாகக் குவிந்துவிடுகிறது. அணை நிரம்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் முகத்தில் குளோரைடுக்கான வாசல் இருக்கிறது. சாதாரண நேரத்தில் அது மூடியிருக்கும்.

அந்த வாசல் திறந்தால் என்ன ஆகும்? குளோரைடு கால்வாய்க்குள் பாயும். குளோரைடு எதிர்மின் அயனி என்பதால் கால்வாய்ப் பக்கம் எதிர்மின் தன்மை அடையும். அந்த ஈர்ப்பில் சோடியம், செல்லுக்குள் புகாமலே, இரண்டு செல்களுக்கு இடையில் உள்ள இறுக்கமான இணைப்புகள் வழியாகக் கசிந்து கால்வாய்க்கு வந்து சேரும். குளோரைடும் சோடியமும் சேர்ந்தால் உப்பு. உப்பின் பின்னால் நீர். நீர் பெருமளவு வருவது அக்வாபோரின் 5 என்ற நீர் வாசல் வழியாக. அந்த மரபணுவை நீக்கிய எலிகளில் உமிழ்நீர் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனதை 1999இல் கண்டார்கள். வந்த கொஞ்ச நீரும் கெட்டியாக, உப்பு மிகுந்து இருந்தது. உப்பு வந்துவிட்டது, நீர்தான் பின்னால் வர முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. குளோரைடு வெளியேறிக்கொண்டே இருந்தால் செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மையை இழக்கும். அப்புறம் குளோரைடை வெளியே தள்ள விசை இருக்காது, ஊற்று சீக்கிரமே நின்றுவிடும். அதனால் அதே நேரத்தில் பொட்டாசியக் கதவுகளும் திறக்க வேண்டும். நேர்மின் பொட்டாசியம் வெளியேறினால் உள்ளே எதிர்மின் தன்மை காக்கப்படும். சுரக்கும் சுரப்பி பொட்டாசியத்தை இழக்கிறது என்பதை 1950களிலேயே கவனித்துவிட்டார்கள். 1983இல் மருயாமா, கல்லாகர், பீட்டர்சன் மூவரும் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்லின் சவ்வில் ஒரு பொட்டாசியக் கதவை நேரடியாகவே பிடித்து அளந்தார்கள். அது கால்சியம் பட்டால் திறக்கும் கதவு.

குளோரைடு வாசலுக்கும் அதே சாவிதான். எந்தப் புரதம் அந்த வாசல் என்பது வெகுகாலம் பிடிபடாமலே இருந்தது. 2008இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தன: டி.எம்.இ.எம்.16ஏ. கால்சியம் அந்தப் புரதத்திலேயே போய் ஒட்டிக்கொள்கிறது, வாசல் திறக்கிறது. இடையில் தரகர் யாரும் வேண்டாம்.

ஆக, குளோரைடு வாசல், பொட்டாசியக் கதவு இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க ஒரே ஒரு அயனி போதும். இந்த ஏற்பாட்டின் சிக்கனம் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது. கெவின் ஃபாஸ்கெட்டும் ஜேம்ஸ் மெல்வினும் 1989இல் இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டினார்கள். தனிச் செல் ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதன் கால்சியத்தையும் பருமனையும் சேர்த்து அளந்தார்கள். கால்சியம் ஏறியபோது செல் சுருங்கியது. கால்சியம் இறங்கியபோது செல் மீண்டும் உப்பியது. சுருங்கியபோது வெளியேறியது பொட்டாசியமும் குளோரைடும், கூடவே நீரும்.

சரி, இந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது?

ஓய்வில் இருக்கும் செல்லின் உள்நீரில் கால்சியம் மிகமிகக் குறைவு, சுமார் 100 நானோமோலார். செல்லுக்கு வெளியே ஒரு மில்லிமோலாருக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட 10,000 மடங்கு வித்தியாசம். இந்த வித்தியாசத்தைக் காப்பதற்குச் செல் ஏராளமான ஆற்றலைச் செலவழிக்கிறது. பின்னணி அவ்வளவு அமைதியாக இருப்பதால்தான், சிறிது கால்சியம் கசிந்தாலும் அது பெரிய சத்தமாகக் கேட்கிறது. செல்லுக்கு உள்ளேயும் ஒரு கால்சியக் கிடங்கு உண்டு: எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னல். கால்சியத்தை உள்நீரிலிருந்து இழுத்து இந்த வலைக்குள் அடைத்து வைப்பதற்கென்றே பம்புகள் இருக்கின்றன.

சுவை பட்டதும் மூளைத்தண்டிலிருந்து நரம்பு வழியாகச் சேதி வருகிறது. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதித்தூதை விடுகிறது. செல்லின் ரத்த முகத்தில், சேதியை வாங்குவதற்கென்றே உள்ள எம்3 ஏற்பி என்ற புரதத்தில் அது ஒட்டுகிறது. இதுவரை எளிது. ஆனால் வெளியே ஒட்டிய மூலக்கூறு உள்ளே இருக்கும் கிடங்கை எப்படித் திறக்கும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதையில் உமிழ்நீர்ச் சுரப்பிக்கே பெரிய பங்கு உண்டு. அதுவும் ஓர் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு.

1953இல் மேபெல் ஹோக்கினும் லோவெல் ஹோக்கினும் கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலின் விட்டபோது, செல் சவ்வில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு வேகமாக உடைந்து புதுப்பிக்கப்படுவதைக் கண்டார்கள். அது எதற்காக என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1975இல் ராபர்ட் மிச்சல், கொழுப்பு உடைவதும் கால்சியம் ஏறுவதும் எங்கெல்லாம் சேர்ந்தே நடக்கின்றன என்று வரிசைப்படுத்தி, ஒன்று மற்றொன்றைத் தூண்டக்கூடும் என்றார். கேம்பிரிட்ஜில் மைக்கேல் பெரிட்ஜ் அப்போது நீல ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அந்தச் சுரப்பி ஒரு மெல்லிய குழாய், அவ்வளவுதான். வெட்டியெடுத்து ஒரு துளி கரைசலில் வைத்து, அதைத் தூண்டும் செரோடோனின் என்ற வேதித்தூதைச் சேர்த்தால், முனையில் நீர் சொட்டும். எவ்வளவு சொட்டுகிறது என்பதை நேரடியாக அளக்கலாம். ஆராய்ச்சிக்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது.

பெரிட்ஜும் ஜான் ஃபெயினும் 1979இல் வெளியிட்ட சோதனை இது. செரோடோனினை நீண்ட நேரம் விட்டுவைத்தால், சவ்வுக் கொழுப்பு தீர்ந்துபோய், சுரப்பி கால்சியத்தை வாங்குவதை நிறுத்திவிட்டது. அந்தக் கொழுப்பைத் திரும்பச் செய்யத் தேவையான இனோசிட்டாலைக் கொடுத்ததும் சுரப்பி மீண்டது. கொழுப்புக்கும் கால்சியத்துக்கும் இருந்த முடிச்சு இப்படி இறுகியது. பிறகு, கொழுப்பு உடையும்போது நீரில் கரையும் ஒரு துண்டு கிளம்புவதைப் பெரிட்ஜ் கவனித்தார். இனோசிட்டால் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஐ.பி.3. இதுதான் தூதன் என்றால், செல் சவ்வைத் துளைத்து ஐ.பி.3ஐ உள்ளே விட்டதும் கிடங்கு திறக்க வேண்டும். 1983இல் ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷுல்ஸ் நால்வரும் கணையத்தின் அசினார் செல்களில் அதைச் செய்து காட்டினார்கள். கால்சியம் கிடங்கிலிருந்து வெளியே வந்தது. இன்று இதய மருத்துவம், மூளை ஆய்வு, நோயெதிர்ப்பு என்று எங்கே பார்த்தாலும் ஐ.பி.3 பேசப்படுகிறது. ஓர் ஈயின் எச்சில் குழாயை அவ்வளவு பொறுமையாக ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்காவிட்டால் இது இன்னும் எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்குமோ!

எண்டோபிளாச வலையின் சுவரில் ஐ.பி.3 ஏற்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. பெயர் ஏற்பி என்றாலும், அதுவே கால்சியம் வெளியேறும் வாசலும்கூட. நான்கு துண்டுகள் சேர்ந்த புரதம். நான்கிலும் ஐ.பி.3 ஒட்டினால்தான் திறக்கும் என்று 2016இல் தெரியவந்தது. ஐ.பி.3 மட்டும் போதாது, கொஞ்சம் கால்சியமும் வேண்டும். அதனால் ஒரு வாசல் திறந்தால் கசியும் கால்சியம் பக்கத்து வாசலையும் திறக்க உதவும். அளவு மீறிப் போனால் அதே கால்சியம் வாசலை மூடவும் செய்யும். தூண்டுவதும் அடக்குவதும் ஒரே ஆள் என்பதால் கால்சியம் சீராக நிற்காமல் ஏறி இறங்கி ஏறி இறங்கி அலைபோல வருகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் இந்த ஏற்பிகளின் இரண்டாம், மூன்றாம் வகைகளே முக்கியம். ஜப்பானில் கட்சுஹிகோ மிகோஷிபாவின் குழு 2005இல் இந்த இரண்டும் இல்லாத எலிகளை உருவாக்கியது. தாய்ப்பால் மறந்த பிறகு அந்தக் குட்டிகளால் காய்ந்த தீனியைத் தின்ன முடியவில்லை. ஈரமாகக் குழைத்துக் கொடுத்தபோதுதான் பிழைத்தன.

இனி இடத்தைப் பற்றிய கேள்வி. சேதி வருவது ரத்த முகத்தில். ஐ.பி.3 உருவாவதும் அங்கேதான். ஆனால் ஐ.பி.3 ஏற்பிகள் குவிந்திருப்பது எதிர்முனையில், குழாய் முகத்துக்குச் சற்றே உள்ளே. ஐ.பி.3 செல்லின் முழு நீளத்தையும் கடந்து போய்த்தான் கிடங்கைத் திறக்கிறது. முதலில் இது சுற்றுவழி போலத் தோன்றும். ஆனால் எந்த வாசலைத் திறக்க வேண்டுமோ, அதன் வாசற்படியிலேயே கால்சியம் கொட்டுகிறது. டி.எம்.இ.எம்.16ஏ இருப்பது அதே குழாய் முகத்தில் அல்லவா!

இந்த அருகாமை ஏன் அவ்வளவு தேவை? டி.எம்.இ.எம்.16ஏ எளிதில் திறக்கும் வாசல் இல்லை. செல்லின் இயல்பான மின்னழுத்தத்தில் அதைத் திறக்கக் கணிசமான கால்சியம் வேண்டும். செல் முழுவதையும் அந்த அளவுக்கு நிரப்பினால் செல்லுக்கே ஆபத்து. நீடித்த கால்சிய வெள்ளம் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்களைப் பாதிக்கும், செல்லைச் சாகடிக்கவும் செய்யும். ஆனால் வலையின் சுவரும் செல் சவ்வும் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும் ஓர் இடுக்கில், கணநேரம் மட்டும் கால்சியத்தை உயர்த்தினால், வாசலும் திறக்கும், மற்ற இடங்களும் அமைதியாக இருக்கும்.

ஆய்வகத்தில் பிரித்தெடுத்த செல்களில் பல ஆண்டுகளாகக் கண்டது சற்று வேறு படம். அசிட்டைல்கோலினைப் போலத் தூண்டும் மருந்தை ஊற்றினால் கால்சியம் குழாய் முகத்தில் தொடங்கி, நொடிக்குள் அலையாக ரத்த முகம் வரை பரவும், செல் முழுவதும் ஒளிரும். பொட்டாசியக் கதவுகள் பலவும் ரத்த முகத்தில் இருப்பதால் இந்த அலை பொருத்தமாகவே தோன்றியது. நுனியில் தொடங்கி அடிவரை போய் இரண்டு கதவுகளையும் திறக்கிறது என்று விளக்கம் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் யூலின் குழு, இது உயிருள்ள சுரப்பியிலும் நடக்கிறதா என்று பார்க்கத் தீர்மானித்தது. கால்சியம் பட்டால் ஒளிரும் புரதத்தை அசினார் செல்களில் கொண்ட எலிகளை மயக்கத்தில் வைத்து, ரத்த ஓட்டமும் நரம்பும் அப்படியே இருக்க, சுரப்பியை நுண்ணோக்கியின் கீழ் கொண்டுவந்தார்கள். மருந்து ஊற்றவில்லை. நரம்பையே நொடிக்குச் சில முறை என்ற அளவில் மெல்லத் தூண்டினார்கள், உடலில் நடப்பது போல.

2021இல் வெளியான முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. கால்சியம் குழாய் முகத்தை ஒட்டி ஒளிர்ந்தது. பெரும்பாலும் அங்கேயே நின்றது. செல் முழுவதும் அடித்துப் போகும் அலையைக் காணவில்லை. அந்த அடக்கமான சமிக்ஞையின்போதே உமிழ்நீர் நன்றாகச் சுரந்தது. கணித மாதிரிகளும் குழாய் முகத்தில் நிற்கும் கால்சியத்தோடு நல்ல சுரப்பு கிடைக்கும் என்றே சொல்லின. அப்படியானால் ரத்த முகத்துப் பொட்டாசியக் கதவுகளின் கதை? பொட்டாசியக் கதவுகளில் ஒரு வகை குழாய் முகத்திலும் இருக்கிறது என்று காதருகுச் சுரப்பியில் முன்பே கண்டிருந்தார்கள். தவிர, மெல்லிய அளவு கால்சியத்துக்கே திறந்துவிடும் பொட்டாசியக் கதவும் உண்டு. பிரித்தெடுத்த செல்லில் கண்ட பெரிய அலை பொய் என்று நான் சொல்லமாட்டேன். மருந்தின் வெள்ளத்தில் செல் அப்படி நடந்துகொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் நம் வாயில் இப்போது நடப்பது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு.

நீண்ட நேரம் சுரக்க வேண்டுமானால் கிடங்கு காலியாகிவிடாதா? ஆகும். சில நிமிடங்களில் வெளிக் கால்சியத்தை உள்ளே விட்டே தீர வேண்டும். கிடங்கு காலியாவதே வெளிக் கதவைத் திறக்கும் சமிக்ஞை என்று ஜேம்ஸ் புட்னி 1986இல் முன்வைத்தார். எப்படி என்பதற்கு விடை 2005, 2006 ஆண்டுகளில் வந்தது. கிடங்கின் சுவரில் உள்ள ஸ்டிம்1 என்ற புரதம் உள்ளே கால்சியம் குறைவதை உணர்ந்து, செல் சவ்வை நோக்கி நகர்ந்து, ஓராய்1 என்ற வாசலைத் திறக்கிறது. வரும் கால்சியத்தைப் பம்புகள் உடனே வலைக்குள் இழுத்துவிடுகின்றன. வலை செல்லின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தொடர்ச்சியாக ஓடுவதால், கால்சியம் அதற்குள்ளேயே சுரங்கப்பாதையில் போவது போலப் பயணம் செய்து குழாய் முகத்தில் வெளியே வர முடியும். கணையச் செல்களில் பீட்டர்சன் குழு இந்தச் சுரங்கத்தை 1997இல் காட்டியது. வழியில் செல்லின் மற்றப் பகுதிகளைத் தொந்தரவு செய்யாமல் பொருளைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கும் ஏற்பாடு இது.

அசினார் செல்கள் அனுப்பும் நீர் ரத்த நீரைப் போலவே உப்பானது. குழாய் வழியே வரும்போது சோடியத்தையும் குளோரைடையும் குழாய்ச் செல்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன, நீரை விடுவதில்லை. அதனால்தான் வாய்க்கு வரும்போது உமிழ்நீரில் உப்புச் சுவை தெரிவதில்லை. வேகமாகச் சுரக்கும்போது திரும்ப எடுக்க நேரம் போதாது, உப்பு சற்றுக் கூடும். உமிழ்நீரில் உள்ள புரதங்கள் வருவது பெரும்பாலும் வேறு வழி. நோர்அட்ரினலின் என்ற வேறொரு நரம்புத் தூது தூண்டும் அந்தப் பாதையில் கால்சியத்தைவிடச் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற இன்னொரு உள்தூதனுக்கே பங்கு அதிகம். பயத்தில் வாய் உலர்வதற்கு, நோர்அட்ரினலின் உமிழ்நீரைத் தடுப்பதுதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. மூளை அசிட்டைல்கோலின் நரம்பை அடக்கிவிடுகிறது, நீர் நின்றுபோகிறது.

இதெல்லாம் வெறும் அறிவுத் தாகத்துக்காக நான் படிக்க ஆரம்பித்த விஷயம் இல்லை. என் அத்தைக்குக் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தது. புற்றுநோய் போய்விட்டது, உமிழ்நீரும் கூடவே போய்விட்டது. ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், எழுந்து நனைத்துத்தான் விடுவிப்பார். இரண்டே ஆண்டுகளில் பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாயின. "தண்ணிதானேடா, அது வராம போனா இப்படியா ஆகும்?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை.

வாய் உலர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வாமை, மன அழுத்தம், சிறுநீர்ப்பைக் கோளாறு என்று பலவற்றுக்குத் தரும் மருந்துகளில் அட்ரோப்பினைப் போல அசிட்டைல்கோலின் ஏற்பியை அடைப்பவை நிறைய. அவற்றை மருத்துவரைக் கேட்டு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கதிர்வீச்சும் ஷோகிரன் நோயும் அப்படியல்ல. ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933இல் விரிவாக எழுதிய இந்த நோயில், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்குகிறது. இரண்டுக்கும் தரப்படும் பைலோகார்பின் போன்ற மருந்துகள் எம்3 ஏற்பியைத் தூண்டி, செல்லில் கால்சியத்தை உயர்த்த முயல்கின்றன. மிச்சமிருக்கும் செல்கள் கேட்டால் பலன் உண்டு. உடலெங்கும் அதே ஏற்பி இருப்பதால் வியர்த்துக் கொட்டும்.

ஆனால் கால்சியத்தை உயர்த்துவது எப்போதும் உதவுமா? யூலின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமாகிறது. ஷோகிரன் நோயின் தொடக்க நிலையை ஒத்த எலிகளில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்திருந்தது. கால்சியமும் குறைந்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நேர்மாறாக, கால்சியம் கூடியிருந்தது. குழாய் முகத்தில் அடங்கி நிற்காமல் செல்லுக்குள் பரவியும் இருந்தது. டி.எம்.இ.எம்.16ஏ புரதமும் இருந்தது, நேராகக் கால்சியம் கொடுத்தால் வேலையும் செய்தது. ஆனால் நரம்பின் சேதியை வாங்கி அது திறப்பது குறைந்துபோயிருந்தது. ஐ.பி.3 ஏற்பிக்கும் குளோரைடு வாசலுக்கும் இடையே இருந்த நெருக்கம் குலைந்திருப்பதையே தடயங்கள் சுட்டின. மைட்டோகாண்டிரியாக்களும் சிதைந்திருந்தன. சாவி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சாவி வழக்கமாக விழும் இடம் மாறிவிட்டது. இப்படிப்பட்ட செல்லுக்கு இன்னும் கொஞ்சம் கால்சியம் என்ற மருந்து எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது நியாயமான கேள்வி. அந்த இடுக்கை மீண்டும் நெருக்கமாக்கும் வழியைத் தேடுவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

கதிர்வீச்சில் சிக்கல் வேறு. அசினார் செல்களே பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. மிஞ்சுவது குழாய்ச் செல்கள், அவை நீரை விடாதவை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் புரூஸ் பாமின் குழு வேறு கோணத்தில் யோசித்தது. கால்சியத்தைக் கேட்டுத் திறக்கும் வாசல்களை மீட்க முடியாவிட்டால், எப்போதும் திறந்தே இருக்கும் அக்வாபோரின் 1 என்ற நீர் வாசலைக் குழாய்ச் செல்களிலேயே பதித்துவிடலாமே என்பது அவர்கள் எண்ணம். தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸில் அந்த மரபணுவை ஏற்றி நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவில், எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு உமிழ்நீர் கூடியிருந்தது, வாய் உலர்வும் குறைந்திருந்தது. மருந்தை ரத்தத்தில் ஏற்றவில்லை. மேல் தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே, கன்னத்தின் உட்புறம், நாக்கு நுனியால் தடவினால் சிறு மொட்டு போலத் தட்டுப்படும் ஓர் இடம் இருக்கிறது. காதருகுச் சுரப்பியின் நீர் வாய்க்குள் வரும் வாசல் அது. மெல்லிய குழாயை அதில் நுழைத்து, நீர் வருகிற வழியிலேயே மருந்தை உள்ளே அனுப்பினார்கள்.